மோட்டார்ப் பெட்டியினுள் இருக்கும் ஏ.வி.ஆர். சில்லு

கிணற்று மேட்டிலும், மேல்நிலைத் தொட்டியின் அடியிலும், தெருவிளக்குக் கம்பத்திலும் இன்று சிறு பெட்டிகள் பல காணப்படுகின்றன. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவது ஒரு பெட்டி. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப் போனால் மோட்டார் எரிந்து விடாமல் காப்பது இன்னொன்று. பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றி, விடிந்ததும் அணைப்பது மற்றொன்று. இவற்றை வாங்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் விலையை விசாரிக்கின்றனர். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்கின்றனர். ஆனால், பெட்டியின் உள்ளே இருந்து வேலை செய்யும் பொருள் யாது, அதன் குணங்கள் யாவை என்று கேட்போர் மிகச் சிலரே. கேட்டாலும் விடை விளங்காது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்று நாம் கருதுகின்றோம். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை.

ஓர் ஊரில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். ஊரின் பெயரும் பெட்டி செய்தவர் பெயரும் இங்கு வேண்டா. அவ்வூர்த் தொட்டியின் ஆழம் 200 சென்டிமீட்டர். நீர் 180 சென்டிமீட்டர் உயர்ந்ததும் மோட்டார் நிற்க வேண்டும் என்று பெட்டியில் குறித்து வைத்திருந்தனர். ஆறு மாதம் யாதொரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் மாலை, மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து, விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. அன்றிரவு தொட்டி நிரம்பி, விடியும் வரை வழிந்து கொண்டே இருந்தது. காலையில் பார்த்தபோது பெட்டியில் எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. 180 என்று குறித்திருந்த இடத்தில் 255 என்று இருந்தது, அவ்வளவே. இருநூறு சென்டிமீட்டர்த் தொட்டியில் நீர் 255 சென்டிமீட்டர் உயரப் போவதில்லை. ஆகவே மோட்டாரும் நிற்கப் போவதில்லை. திரும்பவும் 180 என்று குறித்து வைத்தார்கள். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே கதி. இந்த 255 எங்கிருந்து வந்தது என்பதை அறிந்து கொண்டால், இத்தகைய பெட்டி ஒன்றை வாங்குமுன் என்ன கேட்க வேண்டும் என்பதும் தானே விளங்கி விடும்.

நுண்கட்டுப்படுத்தி என்பது

மேசை மீது வைக்கும் கம்ப்யூட்டரில் கணக்கிடும் உறுப்பு ஓரிடத்தில் இருக்கும்; நினைவில் வைக்கும் உறுப்பு வேறோரிடத்தில் இருக்கும்; வெளியிலிருந்து செய்தி வாங்கும் உறுப்பு இன்னோரிடத்தில் இருக்கும். இவை யாவற்றையும் ஒரே சிலிக்கன் துண்டில் அமைத்து, ஒரே ஒரு வேலைக்கென்று ஒரு யந்திரத்தினுள் பதித்து வைப்பதே மைக்ரோகன்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தியாகும். பழுது பார்ப்போர் பொதுவாக ‘ஐ.சி.’ என்று சொல்லி விடுவர். நாம் சில்லு என்போம்.

இத்தகைய சில்லுகளில் குடும்பங்கள் பல உள. இன்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051 என்பதும், பிக் என்பதும், எஸ்.டி.எம். 32 என்பதும் அவற்றுள் சில. நாம் இங்கு எடுத்துக் கொள்வது ஏ.வி.ஆர். என்னும் குடும்பம். நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்னும் மாணவர் இருவர் இதன் அடிப்படை அமைப்பை உருவாக்கினர். அமெரிக்காவின் அட்மெல் நிறுவனம் அதனை ஏற்று, 1997-இல் முதற் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஏ.வி.ஆர். என்னும் எழுத்துக்களுள் முதலிரண்டும் இவ்விருவர் பெயரின் முதலெழுத்துக்களே என்று பலரும் சொல்வர். நிறுவனமோ அவ்வெழுத்துக்களுக்குப் பொருள் ஒன்றும் இல்லை என்றே சொல்லி வந்தது. 2016-இல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலை விலைக்கு வாங்கிற்று. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் தோன்றிய ஆர்டுயீனோ என்னும் பயிற்சிப் பலகையில் ஏ.வி.ஆர். சில்லே அமைந்தபடியால், பள்ளி மாணவர் முதல் சிறு பட்டறைக்காரர் வரை பலர் கைக்கு இக்குடும்பம் வந்து சேர்ந்தது. நாம் இதைத் தேர்ந்ததற்குக் காரணமும் அதுவே. நம் கல்லூரி மாணவர் ஒருவரை அழைத்துப் பெட்டியைத் திறந்து காட்டினால், அவர் அறிந்த சில்லாக இது இருத்தல் கூடும்.

ஆனால், எல்லாப் பெட்டிகளிலும் ஏ.வி.ஆர். சில்லே இருக்கும் என்று கொள்ளுதல் தவறு. வேறு குடும்பத்துச் சில்லாயினும், கீழே நாம் கூறும் குணங்கள் பெரும்பாலும் வேறு பெயரோடு அதிலும் இருக்கும்.

குடும்பத்தில் சிறியவரும் பெரியவரும் உண்டு. எட்டே கால்கள் உடைய அட்டைனி 13 என்பதில் நிரலுக்கு 1 கிலோபைட் இடமே உண்டு. நூறு கால்கள் உடைய அட்மெகா 2560-இல் 256 கிலோபைட் உண்டு. இடையில் நிற்பது அட்மெகா 328பி; அதற்கு 28 கால்கள், 32 கிலோபைட் நிரல் இடம். கொத்துமல்லிப் பாத்திக்கு ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எவரும் வைப்பதில்லை. தொட்டியின் இரண்டு அளவுகளைப் பார்த்து ஒரு ரிலேயை இயக்குவதற்கு அட்டைனி போதும். மூன்று முனைகளையும் அளந்து, நேரமும் பார்த்து, செல்பேசிச் செய்தியும் அனுப்புவதற்கு அட்மெகா வேண்டும். ‘எங்கள் பெட்டியில் பெரிய சில்லு இருக்கின்றது’ என்று விற்பவர் கூறினால் அதனால் மட்டும் மயங்க வேண்டியதில்லை. வேகமும் அப்படியே. 8051-இன் பழைய சில்லுகள் ஒரு கட்டளையை முடிக்கக் கடிகாரத் துடிப்புப் பன்னிரண்டேனும் எடுத்துக் கொண்டன, ஏ.வி.ஆர். பெரும்பாலான கட்டளைகளை ஒரே துடிப்பில் முடிக்கும். மோட்டாரை நிறுத்துவதற்கு இவ்விரண்டும் தேவைக்கு மேற்பட்ட வேகமே.

நூலும் சிலேட்டும் பேரேடும்

அட்மெகா 328பி சில்லினுள் மூவகை நினைவகங்கள் உள்ளன. முதலாவது ஃபிளாஷ் என்பது. யந்திரம் என்ன செய்ய வேண்டும் என்னும் நிரல் இதில் எழுதப்படுகின்றது. இது அச்சிட்ட நூலைப் போன்றது. மின்சாரம் போனாலும் அழியாது. சுமார் 10,000 தடவை அழித்து எழுதலாம். இரண்டாவது, வேலை நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்க்கும் தற்காலிக நினைவகம். இது சிலேட்டுப் பலகை. 2 கிலோபைட் அளவுள்ளது. மின்சாரம் போனதும் துடைத்தாற்போல் ஆகி விடும். மூன்றாவது ஈஈப்ராம் என்பது. 1 கிலோபைட் அளவுள்ள இதனைக் கணக்குப் பேரேடு எனலாம். எந்த உயரத்தில் மோட்டாரை நிறுத்துவது, இதுவரை மோட்டார் எத்தனை மணி ஓடியது என்பன போன்ற, மாறக் கூடியதும் ஆனால் மறக்கக் கூடாததுமான விவரங்கள் இதில்தான் எழுதப்பட வேண்டும்.

பேரேட்டின் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 1,00,000 தடவை எழுதலாம் என்பது செய்தவர் தரும் அளவு. கேட்பதற்கு இது பெரிய எண்ணாகத் தோன்றுகின்றது. நிமிஷத்திற்கு ஒரு தடவை ஒரே இடத்தில் எழுதும்படி நிரல் அமைத்து விட்டால் நாள் ஒன்றுக்கு 1,440 தடவை ஆகின்றது. 70 நாளில் லட்சம் முடிந்து விடும். மணிக்கு ஒரு தடவை எழுதினால் பதினோரு ஆண்டுக்கு மேல் வரும். மாறிய போது மட்டும் எழுதினால் பெட்டியின் ஆயுளுக்கும் போதும். ஒரே சில்லு, எழுதுபவர் கைக்கேற்ப எழுபது நாளும் ஆகலாம், பதினோரு ஆண்டும் ஆகலாம்.

இனி நம் ஊர்ப் பெட்டிக்கு வருவோம். அதன் நிரலை எழுதியவர், மோட்டார் ஓடிய நிமிஷங்களைப் பதிவு செய்யும் போதெல்லாம், மாறாத 180 என்னும் எண்ணையும் கூடவே மறுபடி மறுபடி எழுதும்படி செய்திருந்தார். பேரேட்டில் ஓர் இடத்தில் எழுதும்போது சில்லு முதலில் அவ்விடத்தை அழிக்கின்றது. பிறகு புதிய எண்ணைப் பதிக்கின்றது. இரண்டும் சேர்ந்து ஒரு நொடியில் முந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்து விடும். அழித்த இடத்தைப் படித்தால் 255 என்று வரும். அதுவே வெற்றிடத்தின் அடையாளம். அன்று மாலை, அழித்ததற்கும் பதித்ததற்கும் இடையில் மின்னழுத்தம் சில்லுக்குப் போதாமல் தாழ்ந்து விட்டது. அழித்தது அழித்தபடியே நின்றது. 255 வந்த வழி இதுதான்.

மின்தாழ்வுக் காவல்

மின்சாரம் முற்றிலும் நின்று விட்டால் சில்லுக்குத் தொல்லை இல்லை. நிற்காமலும் போதாமலும் இருக்கும் நிலையே பொல்லாதது. பாதித் தூக்கத்தில் இருப்பவனிடம் கணக்கு எழுதச் சொன்னால் என்ன எழுதுவான்? அவ்வாறே, தாழ்ந்த அழுத்தத்தில் சில்லு கட்டளைகளைத் தவறாகப் படித்து, எழுதக் கூடாத இடத்தில் எழுதவும் கூடும். இதனை அறிந்தே ஏ.வி.ஆர். சில்லினுள் ஒரு காவலை வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் பிரவுன்-அவுட் என்னும் இதனை மின்தாழ்வுக் காவல் எனலாம். அட்மெகா 328பி-இல் 1.8, 2.7, 4.3 வோல்ட் என்னும் மூன்று எல்லைகளுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளலாம். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சில்லுக்கு 4.3 என்று எல்லை வைத்தால், அழுத்தம் அதற்குக் கீழே இறங்கிய உடனே காவல் சில்லை முற்றாக நிறுத்தி வைக்கும்; அழுத்தம் சீரான பின்னரே முதலிலிருந்து தொடங்க விடும். பாதித் தூக்கத்திற்கு இடமே இல்லை.

அப்படியாயின் நம் ஊர்ப் பெட்டியில் அது ஏன் காக்கவில்லை? ஆலையிலிருந்து வரும் அட்மெகா 328பி சில்லில் இக்காவல் அணைத்து வைக்கப்பட்டே வருகின்றது! வேண்டுவோர்தாம் அதை இயக்கிக் கொள்ள வேண்டும். காவல் விழித்திருப்பதற்குச் சுமார் 20 மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் செலவாகும். மின்வாரிய இணைப்பில் இது ஒரு பொருட்டே அன்று. பாட்டரியில் மாதக்கணக்காக ஓட வேண்டிய கருவிக்கு அதுவும் ஒரு சுமை. எனவே தேர்வைப் பயன்படுத்துவோர் பொறுப்பில் விட்டுள்ளனர். பெட்டி செய்தவர் அதைக் கவனியாது விட்டு விட்டார். தொட்டி வழிந்ததற்கும், மறுநாள் மேற்குத் தெருவில் குடிநீர் இன்றிப் பெண்கள் குடத்தோடு நின்றதற்கும், இயக்கப்படாத இந்த ஒரு காவலும், வேண்டாத எழுத்துமே காரணங்கள்.

இவ்வாறு இயக்குவதும் அணைப்பதும் ‘ஃபியூஸ் பிட்’ என்னும் சில குறிகளைச் சில்லில் பதிப்பதால் நடைபெறுகின்றன. நம் விவசாயிகள் அறிந்த, கம்பி உருகும் ஃபியூஸுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டுமே ஒன்று. இவற்றைத் திரும்பவும் மாற்றலாம். கருவியும் அறிந்தவரும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

தட்டாத மணி

சில்லுக்கு வேறொரு நோயும் உண்டு. மோட்டார் நிற்கும் தருணத்தில் கான்டாக்டரில் எழும் தீப்பொறியாலோ, நிரலிலேயே உள்ள பிழையாலோ, சில்லு ஏதேனும் ஓரிடத்தில் சிக்கிக் கொண்டு, மேலே செல்லாமல் நின்று விடும். வெளியே பார்த்தால் விளக்கு எரியும். உள்ளே வேலை நடவாது. நகரத்து வீட்டில் என்றால் ஒருவர் எழுந்து சென்று சுவிட்சை அணைத்துப் போடுவார். ஊருக்கு வெளியே இரண்டு மைல் தொலைவில், நடு இரவில், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் வெறும் குழாயில் ஓடிக் கொண்டிருந்தால் யார் சென்று பார்ப்பது?

இதற்காக அமைந்ததே வாட்ச்டாக் என்னும் காவற் கடிகை. இரவுக் காவலர் மணிக்கொரு தரம் மணியடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் அவர் உறங்கி விட்டார் என்று பொருள் என ஏற்பாடு செய்வது போன்றது இது. நிரல் குறித்த காலத்துக்குள் இக்கடிகையைத் தொட்டுத் தொட்டுச் செல்ல வேண்டும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு முதல் எட்டு நொடி வரை அக்காலத்தை வைத்துக் கொள்ளலாம். தொடத் தவறினால் கடிகை சில்லை உலுக்கி, முதலிலிருந்து தொடங்கச் செய்யும். இதற்கென்று தனித் துடிப்பு உறுப்பு சில்லினுள்ளேயே இருப்பதால், முதன்மைக் கடிகாரம் நின்று போனாலும் இது நிற்பதில்லை.

உலுக்கி எழுப்பப்பட்ட சில்லின் கால்கள் யாவும் முதலில் வாங்கும் கால்களாகவே நிற்கும்; எதையும் இயக்கா. ஆகவே, சுற்று ஒழுங்காக அமைந்திருந்தால் ரிலே விழுந்து மோட்டார் நின்று விடும். எழுந்த சில்லு, தான் ஏன் எழுந்தோம் என்பதையும் அறியும்: புதிதாக மின்சாரம் வந்ததாலா, மின்தாழ்வுக் காவலாலா, காவற் கடிகையாலா, வெளிப் பொத்தானாலா என்று நான்கு குறிகள் உள்ளே இருக்கின்றன. நல்ல நிரலர் இக்காரணத்தைப் பேரேட்டில் குறித்து வைப்பார். பெட்டி அடிக்கடி தொல்லை கொடுத்தால், ஊகிக்க வேண்டியதின்றிப் படித்துப் பார்த்துக் கொள்ளலாம்.

ஒரு சூழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சிலர் காவற் கடிகையை இயக்கி விட்டு, அதைத் தொடும் வேலையை, மற்ற வேலைகளோடு தொடர்பில்லாத ஒரு டைமரிடம் ஒப்படைத்து விடுகின்றனர். காவலர் உறங்க, அவருக்குப் பதிலாக மணியை ஒரு யந்திரம் அடித்துக் கொண்டிருப்பது போன்றது இது. ‘எங்கள் பெட்டியில் வாட்ச்டாக் உண்டு’ என்ற சொல்லில் பொய் இல்லை, பயனும் இல்லை.

அளப்பதும் உணர்வதும்

வெளியிலுள்ள மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் உறுப்பு ஒன்றும் இச்சில்லினுள் உண்டு. 0 முதல் 5 வோல்ட் வரையிலான அழுத்தத்தை 1,024 படிகளாகப் பிரித்து, படி ஒன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் என்று அது அளக்கும். இருபத்தெட்டுக் கால் சில்லில் ஆறு வழிகள் இதற்கென உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை அளக்கலாம். நேரே மின்வாரியக் கம்பியை இதனோடு சேர்த்தல் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தத்தைக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

மோட்டார் எரிந்து காயில் கட்டுவதற்குச் செலவிட்ட விவசாயிகள் இவ்விடத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகின்றோம். மூன்று முனைகளில் ஒன்று அற்றுப் போனால், எஞ்சிய இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் சூடேறி எரிகின்றது. முனை அற்றதை அறிய, மூன்று அழுத்தங்களையும் அளந்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஓடிக் கொண்டிருக்கும் மோட்டார், அற்றுப் போன முனையிலும் தானே ஓரளவு அழுத்தத்தை உண்டாக்கி நிற்கும். அழுத்தத்தை மட்டும் பார்க்கும் பெட்டி, ‘மூன்றும் சரியாக இருக்கின்றன’ என்று ஏமாந்து விடக் கூடும். மின்னோட்டத்தையும் அளக்கும் பெட்டி ஏமாறாது. கம்பியைச் சுற்றி ‘சி.டி.’ என்னும் வளையம் பூட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தாலே இது தெரிந்து விடும். கிணறு வற்றியதையும் அதே வளையம் காட்டும். நீர் இன்றி ஓடும் மோட்டாருக்குப் பாரம் குறைவதால் மின்னோட்டமும் குறைகின்றது. சில்லு அதனைக் கண்டு மோட்டாரை நிறுத்தி, ஊற்று ஊறுவதற்கு அவகாசம் கொடுத்துப் பின்னர் ஓட்டும்.

சில்லின் கால் ஒவ்வொன்றும் ஒரு சமயம் செய்தி வாங்குவதாகவும், மறு சமயம் மின்சாரம் கொடுப்பதாகவும் மாறக் கூடியது. இதனைத் திறம்படப் பயன்படுத்தினால் வேறொரு நஷ்டம் தவிரும். தொட்டியில் நீர் மட்டம் அறிய எஃகுக் கம்பிகளைத் தொங்க விடுவது வழக்கம். அவற்றில் ஒரே திசையில் இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் ஒரு கம்பி அரித்துப் போகும். மற்றொன்றில் சுண்ணாம்புப் படிவு ஏறும். ஆறு மாதத்திற்கொரு முறை கம்பி மாற்றும் ஊர்கள் உள. பார்க்க வேண்டிய கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து, அடுத்த தடவை திசையை மாற்றிக் கொடுக்கும்படி நிரல் எழுதினால் அவ்வரிப்பு மிகவும் குறைந்து விடும். கூடுதல் பொருட்செலவும் அதிகம் இல்லை. வயலில் நடும் மண் ஈரமானிக்கும் இது பொருந்தும்.

ஒரு கால் தரக் கூடிய மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியருக்கு மேற்படலாகாது. அதில் பாதியோடு நிறுத்திக் கொள்வதே நன்று. ஆகவே சில்லு நேரே ஸ்டார்ட்டரை இழுக்காது. சில்லு டிரான்சிஸ்டரை இயக்க, டிரான்சிஸ்டர் ரிலேயை இயக்க, ரிலே கான்டாக்டரை இயக்கும்.

உறக்கமும் நேரமும்

வயல் நடுவே வைக்கும் ஈரமானிக்கு மின் இணைப்புக் கிடையாது, பாட்டரியே கதி. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 5 வோல்ட்டில் விழித்திருக்கும் அட்மெகா 328பி சுமார் 5 மில்லி ஆம்பியர் கொள்ளும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள பாட்டரி 17 நாளில் தீர்ந்து விடும். ஆழ்ந்த உறக்கத்தில் காவற் கடிகை மட்டும் விழித்திருந்தாலோ, சில மைக்ரோ ஆம்பியரே போதும். எட்டு நொடிக்கொரு தரம் கடிகை எழுப்ப, சில்லு ஒன்று, இரண்டு என்று எண்ணி விட்டு மறுபடி உறங்கும். 450 எண்ணியதும் ஒரு மணி ஆயிற்று என்று ஈரத்தை அளக்கும். இவ்வாறு செய்தால் சில்லின் செலவை விடப் பாட்டரி தானே மூப்படைந்து போவதே முந்தும். செய்தியை வானொலி அலை மூலம் அனுப்பும் உறுப்பு இருந்தால் செலவு அதனுடையதாகவே இருக்கும். எத்தனை நாளைக்கொரு முறை பாட்டரி மாற்றுவது என்று கேட்கும்போது, நாளுக்கு எத்தனை தடவை செய்தி அனுப்பும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. சில்லினுள்ளேயே ஒரு துடிப்பு உறுப்பு இருப்பதால், வெளியே கிரிஸ்டல் வைக்காமலே ஓட்டலாம். ஆலையில் திருத்தி அனுப்பிய அளவில் அதன் பிழை நூற்றுக்குப் பத்து வரை இருக்கலாம். அதாவது நாளொன்றில் 2 மணி 24 நிமிஷம். தனியாகத் திருத்தி நூற்றுக்கு ஒன்றாக்கினாலும் நாளுக்குப் பதினான்கு நிமிஷம் தவறும். தெருவிளக்கு நடுப்பகலில் எரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் கைக்கடிகாரக் கிரிஸ்டலைச் சேர்த்தால் மாதத்திற்கு ஒரு நிமிஷத்திற்கு மேல் பிசகாது. மின்வெட்டிலும் நேரம் தப்பாமல் இருக்க, காசு வடிவப் பாட்டரியோடு தனிக் கடிகாரச் சில்லை வைப்பதே நல்ல வழக்கம்.

வாங்குமுன்

சில்லு 85 டிகிரி வெப்பம் வரை தாங்கும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டி காய்வதால் முதலில் கெடுவது சில்லு அன்று, அதன் அருகிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரே. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கணக்கு. பெட்டியை நிழலில் மாட்டுவது செலவில்லாத வைத்தியம். மின்னலுக்கு எச்சில்லும் தாங்காது. அதற்குத் தனிப் பாதுகாப்பும், பூமிக்குச் செல்லும் நல்ல எர்த்துக் கம்பியும் வேண்டும்.

பணம் கொடுக்குமுன் பெட்டியைச் சோதிப்பது கடினம் அன்று. அளவுகளைக் குறித்து வைத்து விட்டு, மோட்டார் ஓடும்போதே பத்து இருபது தடவை சுவிட்சை விரைந்து அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். குறித்த அளவு மாறினால் அப்பெட்டி வேண்டா. மின் பட்டறை ஒன்றில் வேரியாக் இருக்குமாயின், அழுத்தத்தை மெல்ல மெல்லத் தாழ்த்தி, ரிலே ‘டக டக’ என்று அடித்துக் கொள்ளாமல் ஒரே தடவையில் விழுகின்றதா என்று கவனிக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி விட்டால் மோட்டார் நிற்க வேண்டும். ஓடிக் கொண்டே இருந்தால், நாளை எலி கடித்த அன்று தொட்டி வழியும்.

கடைசியாக, பூட்டு. சில்லினுள் எழுதிய நிரலைப் பிறர் படிக்க இயலாதபடி பூட்டும் குறிகள் உள்ளன. பூட்டைத் திறக்க ஒரே வழி சில்லை முற்றும் அழிப்பது. பூட்டோடு நிரலும் போய் விடும். செய்தவர் தம் உழைப்பைக் காத்துக் கொள்வதில் நியாயம் உண்டு. ஆயின், அவர் தொழிலை விட்டு விட்டால் பஞ்சாயத்தின் கையில் இருப்பது, கெட்டால் திருத்த முடியாத பெட்டி. சில்லைப் புதிதாக வாங்கினாலும் அதில் எழுத நிரல் இல்லை. பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டி வரும். ஆகவே விலைப்புள்ளி கோரும்போதே, நிரல் எழுதப்பெற்ற சில்லு ஒன்றை உபரியாகக் கொடுக்க வேண்டும் என்றும், சில்லு பலகையில் பற்றவைக்கப்படாமல் கையால் எடுத்துப் பொருத்தும் சாக்கெட்டில் அமைய வேண்டும் என்றும் நிபந்தனை சேர்க்கலாம். இருபத்தெட்டுக் கால் அட்மெகா 328பி அத்தகைய வடிவிலும் கிடைக்கின்றது. நிரலின் கோப்பையும் முத்திரையிட்ட உறையில் கொடுத்து வைக்கச் சிலர் இசைவர். இசைவோரிடம் வாங்குவது நன்று. ஃபியூஸ் குறிகளின் எண்களை மட்டுமேனும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒரு படியைப் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டி, மறு படியை மோட்டார் வாங்கிய ரசீதோடு அலுவலகத்துக் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.